முக்கொம்பு: வெங்காயத்தாமரையை அள்ளினால் மட்டும் போதுமா?

வருஷா வருஷம் அள்ளுகிறோம், வெட்டுகிறோம். வருஷா வருஷம் திரும்பி வருகிறது. தவறு எங்கே நடக்கிறது?

திருச்சியிலிருந்து முக்கொம்புக்கு வண்டியில் கிளம்புகிறவர்களில் பலர் வழியில் ஏதோ ஒரு வாய்க்கால் பாலத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்திருப்பார்கள். தண்ணீரே தெரியாத அளவுக்குப் பச்சை, அதன் மேல் வெளிர் ஊதாப் பூக்கள். இன்ஸ்டாகிராமில் போட்டால் லைக்ஸ் நிச்சயம். டெல்டாவில் அந்தச் செடிக்கு வெங்காயத்தாமரை என்று பெயர். செய்தித்தாள்களில் ஆகாயத்தாமரை.

தென் அமெரிக்காவின் அமேசான் பகுதிதான் இதன் சொந்த ஊர். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இதை வங்காளத்துக்குக் கொண்டு வந்தவர்களும் இதே காரணத்துக்காகத்தான் கொண்டு வந்தார்கள். பூ அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்!

இன்று உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் அந்நிய ஆக்கிரமிப்பு இனம் இதுதான் என்கிறது பல்லுயிர் வளம் குறித்த பன்னாட்டு அறிவியல் அமைப்பு 2023-ல் வெளியிட்ட அறிக்கை. இரண்டாவது இடத்தில் இருப்பது நம் மலைக்காடுகளில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடி. இப்படி வெளியிலிருந்து வந்து பரவும் செடிகளாலும் பூச்சிகளாலும் மற்ற உயிரினங்களாலும் 2019-ல் மட்டும் உலகுக்கு ஏற்பட்ட இழப்பு 423 பில்லியன் டாலருக்கு மேல் என்றும் அந்த அறிக்கை கணக்குச் சொல்கிறது.

உலகக் கணக்கு இருக்கட்டும். முக்கொம்புக்கு என்ன பிரச்சினை?

முக்கொம்பு ஏன் முக்கியம்?

திருச்சிக்காரர்களுக்கு முக்கொம்பு என்றால் பூங்கா, பொரிச்ச மீன், ஞாயிற்றுக்கிழமை. நீர்வளத்துறைக்கு அது ஒரு சுவிட்ச் போர்டு. மேட்டூரிலிருந்து வரும் காவிரி இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. பாசனத்துக்குத் தேவையான தண்ணீர் காவிரியில் போகும். மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்தில் திருப்பி விடப்படும்.

1836 முதல் 1838 வரை ஆர்தர் காட்டன் இங்கே மேலணையைக் கட்டினார். ஏறத்தாழ 180 வருஷம் நின்ற அந்தக் கட்டுமானத்தில், கொள்ளிடம் பக்கம் 9 மதகுகள் 2018 ஆகஸ்ட் 22 இரவு உடைந்து போயின. அதன் பிறகு சுமார் ரூ.387 கோடியில் புதிய கதவணை கட்டப்பட்டது.

இந்தத் தண்ணீரை நம்பித்தான் அய்யன் வாய்க்காலும் பெருவளை வாய்க்காலும் ஓடுகின்றன. தென்கரையில், பெட்டவாய்த்தலையில் பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால் திருச்சி நகரத்தைக் குறுக்கே கடந்து வாழவந்தான்கோட்டை ஏரி வரை போகிறது. ராஜராஜ சோழனின் பட்டப்பெயரைத் தாங்கிய வாய்க்கால் அது. ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கும் திருச்சியிலிருந்துதான் காவிரி நீர் போகிறது.

ஆக, இந்த இடத்தில் தண்ணீர் தங்கு தடையின்றி ஓடுவது ஒரு ஊரின் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. வாய்க்காலில் பாதியைச் செடி அடைத்துக்கொண்டால், தலைமடையில் வயல் மூழ்கும், கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. இரண்டும் ஒரே வாய்க்காலில், ஒரே வாரத்தில் நடக்கலாம்.

1 சதவீதம் மிச்சம் வைத்தால் என்ன ஆகும்?

வழக்கமான காலண்டர் இதுதான். ஜனவரி 28-ல் மேட்டூர் அணை மூடப்படும். ஜூன் 12-ல் திறக்கப்படும். இரண்டுக்கும் நடுவில் ஏப்ரல், மே மாதங்களில் தூர்வாரும் பணி. பொக்லைன் இறங்கும், வெங்காயத்தாமரை கரையில் குவியும், படம் வெளியாகும். 'வாய்க்கால் சுத்தம்' என்று எல்லோரும் நிம்மதி அடைவார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நல்ல வெயிலும் சத்தான தண்ணீரும் கிடைத்தால் இந்தச் செடி இரண்டு வாரத்துக்குள் தன் பரப்பை இரட்டிப்பாக்கிவிடும். ஜூன் 12 அன்று ஒரு தேங்கலான பகுதியில் 99 சதவீதத்தை அள்ளிவிட்டு, 1 சதவீதத்தை மட்டும் விட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். இரண்டு வாரத்தில் 2 சதவீதம். அப்புறம் 4, 8, 16, 32, 64. ஏழாவது இரட்டிப்பில் இடமே போதாது. மொத்தம் 14 வாரம். அதாவது செப்டம்பர் நடுவில், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன், அந்தப் பகுதி முழுக்க மூடியிருக்கும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, முதல் 8 வாரத்துக்கு யாருக்கும் எதுவும் தெரியாது என்பதுதான். 16 சதவீதம்தானே, ஓரமாகத்தானே கிடக்கிறது என்று தோன்றும். அடுத்த ஆறு வாரத்தில் கதை முடிந்துவிடும். இரண்டு பேர், ஒரு பரிசல், ஒரு நாள் என முடித்திருக்கக்கூடிய வேலை, பொக்லைன் இல்லாமல் முடியாத வேலையாக மாறுவது இந்த இடைவெளியில்தான்.

'கோடையில்தான் வாய்க்கால் காய்ந்துவிடுகிறதே, அப்போது செத்துப் போகாதா?' என்று கேட்கலாம். செடி சாகும், விதை சாகாது. சேற்றில் விழும் விதைகள் 15, 20 வருஷம்கூட முளைக்கும் திறனோடு கிடக்கும். தண்ணீர் வற்றிச் சேற்றில் வெயில் படுவது அவற்றுக்கு முளைக்க நல்ல வாய்ப்பு. இது போக, நகரத்தை ஒட்டிய வாய்க்கால்கள் கோடையிலும் முழுசாகக் காய்வதில்லை. கழிவுநீர்க் குட்டைகள் அங்கங்கே தேங்கி நிற்கும். செடி அந்தக் குட்டைகளில் கோடையைக் கழித்துவிட்டு, ஜூனில் தண்ணீர் வந்ததும் அதோடு கிளம்பிவிடுகிறது.

கிளம்பி எங்கே போகும்? அடுத்த ஊருக்கு. தண்ணீர் திறந்த முதல் வேகத்தில் மேலே உள்ள செடிகள் மிதந்து போய்க் கீழே உள்ள மதகில், பாலத்தூணில், ஷட்டரில் அடைத்துக்கொள்ளும். மேல் ஊரில் அள்ளாமல் விட்டது கீழ் ஊர்க்காரர்கள் தலையில் விடியும். கீழ் ஊரில் மட்டும் எத்தனை முறை அள்ளினாலும் தீராத காரணமும் அதுவே.

அதுக்குச் சோறு போடுவது யார்?

வெங்காயத்தாமரையைத் திட்டுவது சுலபம். ஆனால் சுத்தமான, வேகமாக ஓடும் தண்ணீரில் அது இவ்வளவு செழிப்பாக வளராது. அதற்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். வீட்டுக் கழிவுநீரிலும், சோப்புத் தண்ணீரிலும், வயலிலிருந்து வழியும் உரத்திலும் அவை தாராளம். உய்யக்கொண்டான் நகரத்துக்குள் நுழைந்ததும் கழிவுநீர் கலக்கிறது என்பது திருச்சியில் பல வருஷமாக இருக்கும் புகார். அப்படிப் பார்த்தால் அந்தப் பச்சைப் போர்வையைச் சாக்கடையின் ரிப்போர்ட் கார்டு என்றே சொல்லலாம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. இந்தச் செடியில் ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர்தான். 10 டன் அள்ளி லாரியில் ஏற்றினால் ஒன்பதரை டன் தண்ணீரைச் சுமந்து போகிறோம் என்று அர்த்தம். டீசல் செலவுக்குப் பயந்து பல இடங்களில் கரையிலேயே குவித்துவிடுகிறார்கள். ஒரு நல்ல மழை பெய்தால் குவியல் மறுபடியும் வாய்க்காலுக்குள். சில நாள் கரையிலிருந்து தள்ளிப் போட்டு உலர்த்தி, பிறகு மக்க வைத்தால் எடையும் குறையும், உரமும் கிடைக்கும். ஆனால், ஆலைக் கழிவு கலக்கும் இடத்தில் எடுத்த செடி என்றால் கவனம் வேண்டும். கன உலோகங்களை இது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதை உரமாக்கிக் கீரைப் பாத்தியில் போடுவது சரியில்லை.

களைக்கொல்லி அடித்தால் வேலை சீக்கிரம் முடியுமே? குடிநீருக்கும் பாசனத்துக்கும் போகும் தண்ணீரில் அது விபரீத யோசனை. செத்த செடிகள் மொத்தமாக அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜன் காலியாகி மீன்கள் செத்து மிதக்கும் ஆபத்தும் சேர்ந்து வரும்.

சீமைக்கருவேலம்: வெட்டின இடத்தில் இப்போ என்ன இருக்கு?

தண்ணீரில் வெங்காயத்தாமரை என்றால், கரையிலும் ஆற்றுப் படுகையிலும் சீமைக்கருவேலம். மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மரத்தை 1870-களில் அன்றைய சென்னை மாகாண வனத்துறை விறகுக்காக வரவழைத்தது. அது யாரையும் ஏமாற்றவில்லை. விறகு வேண்டும் என்றார்கள், கொடுத்தது. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

பிரச்சினை அது நிற்கும் இடம். கொள்ளிடம் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மணலாகவே கிடக்கும். அந்த மாதங்களில் ஆடு மாடுகள் கருவேலங்காயைத் தின்று, சாணத்தோடு விதையை உரம் போட்டு நட்டுவிட்டுப் போகும். இரண்டு மழையில் முள் புதர். சில வருஷத்தில் மரம். வெள்ளம் பாய வேண்டிய அகலத்தில் இப்படி மரங்கள் நின்றால் தண்ணீரின் வேகம் குறையும், மணல் அங்கே திட்டாகப் படியும், மட்டம் உயரும். உபரி வெள்ளத்தை வாங்கிக்கொள்வதற்காகவே இருக்கும் ஆறு கொள்ளிடம். அது தன் அகலத்தை இழந்தால் அழுத்தம் கரைகளுக்குத்தான் போகும்.

வெட்டிவிட்டால் போச்சு என்பவர்களுக்கு: 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதும் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இயந்திரங்கள் இறங்கின. கல்லூரி மாணவர்கள் முதல் கட்சிக்காரர்கள் வரை கோடாரியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். முறையான ஆய்வு இல்லாமல் அகற்றுவது சரியா என்ற கேள்வியோடு அதே வருஷம் சென்னையில் இன்னொரு வழக்கு வந்தது, கொஞ்ச காலம் தடையும் இருந்தது. நீதிமன்றத்தில் நடந்த வாதம் ஒருபக்கம் இருக்கட்டும். அன்று வெட்டிய பல இடங்களில் மரம் திரும்ப நிற்கிறது. தரைமட்டத்தில் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்கு நாலாகக் கிளைக்கும் மரம் அது. வேரோடு பிடுங்கினாலும் மண்ணிலிருக்கும் விதைகள் காத்திருக்கின்றன. பிடுங்கிய வேகத்தில் கிளறப்பட்டு, நிழல் இல்லாமல், வெறுமையாகக் கிடக்கும் நிலம்தான் அந்த விதைகளுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த நாற்றங்கால்.

காலியான இடம் காலியாகவே இருக்காது. நாம் நட வேண்டியதை நடவில்லை என்றால், முன்னால் இருந்ததே வந்து உட்காரும். எனவே 'எத்தனை ஏக்கர் அகற்றினோம்?' என்ற கேள்வியை விட, 'அகற்றிய இடத்தில் இப்போது என்ன வளர்கிறது?' என்ற கேள்விக்குத்தான் அதிகாரிகளிடம் பதில் இருக்க வேண்டும்.

என்ன நடலாம் என்பதற்கு வெளிநாட்டு நிபுணர் வர வேண்டியதில்லை. காவிரிக் கரையின் பழைய மரங்கள் எவை என்று ஊரே சொல்லும். நீர்மருது, நாவல், புங்கன், இலுப்பை, மூங்கில், கரைச் சரிவைப் பிடித்து நிறுத்த வெட்டிவேர், நொச்சி. திருவானைக்காவல் கோயிலின் தலமரம் வெண்நாவல். ஸ்ரீரங்கத்துக்குப் புன்னை. கரையின் மேல் இவற்றை நட்டு, முதல் மூன்று வருஷம் கருவேலங்கன்று முளைக்க முளைக்கப் பிடுங்கினால், நிழல் விழுந்த பிறகு கருவேலம் தானாகப் பின்வாங்கும். வெயில் இல்லாத இடத்தில் அதன் கன்றுகள் தேறாது. ஆற்றின் நடுவே மட்டும் எந்த மரமும் வேண்டாம், அது வெள்ளத்தின் பாதை.

எல்லாமே எதிரி இல்லை

பொக்லைன் ஓட்டுநருக்கு எல்லாப் புதரும் ஒன்றுதான். ஆற்றுக்கு அப்படி இல்லை. நாணல் நம் ஊர்ப் புல். வெள்ளத்தில் தலை சாய்த்துக் கொடுத்துவிட்டு, வேரால் மணலைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டத்தை மறிக்கும் இடத்தில் அதையும் குறைக்க வேண்டி வரலாம். ஆனால் கருவேலத்தோடு சேர்த்து நாணலையும் வழித்து எடுத்துவிட்டால் கரை அரிக்கும். வாய்க்கால் ஓரத்தில் ஊதா கலந்த இளஞ்சிவப்பில் பூக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு வேறு கதை. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, ஒடித்துப் போட்ட குச்சிகூட வேர் விடும்.

வித்தியாசம் பார்க்கத் தெரிய வேண்டும் என்பதற்கு முக்கொம்புக்குக் கிழக்கே, ஸ்ரீரங்கம் மேலூரில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலணைக் காப்புக்காட்டில் சுமார் 25 ஏக்கரில் வனத்துறை அமைத்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அது. வண்ணத்துப்பூச்சிக்குத் தேன் கொடுக்க உண்ணிச்செடியின் பூவே போதும். ஆனால் முட்டையிட அது உதவாது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சிக்கு எலுமிச்சை, கறிவேப்பிலைக் குடும்பத்துச் செடி வேண்டும். வெந்தய வரியனுக்கு எருக்கு வேண்டும். பூ எத்தனை இருந்தாலும் இலை இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை இல்லை. பச்சையாகத் தெரியும் எல்லா இடமும் உயிருள்ள இடம் என்று சொல்லிவிட முடியாது.

சப்பாத்திக்கள்ளி எங்கே போச்சு?

'இதெல்லாம் நடக்கிற காரியமா? வந்தது வந்ததுதான்' என்று அலுத்துக்கொள்கிறவர்கள் தாத்தா பாட்டியிடம் சப்பாத்திக்கள்ளி பற்றிக் கேட்கலாம். ஒரு காலத்தில் தென்னிந்தியாவின் வேலியோரம், தரிசு, மேய்ச்சல் நிலம் எல்லாவற்றையும் மூடிக் கிடந்த கள்ளி அது. இன்று தேடிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதை மனிதர்கள் மட்டும் வெட்டி ஒழிக்கவில்லை. பெரும்பகுதி வேலையை முடித்தது ஒரு பூச்சி.

கதை 1795-ல் கல்கத்தாவில் தொடங்குகிறது. கள்ளியில் வாழும் ஒருவகைச் செதில்பூச்சியிலிருந்து விலை உயர்ந்த சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று பிரேசிலிலிருந்து பூச்சியை வரவழைத்தார்கள். வந்தது தவறான இனம். சாயம் உருப்படவில்லை. ஆனால் அது கள்ளியைத் தின்று தீர்த்தது. 1830-களில் அந்தப் பூச்சியைத் தென்னிந்தியாவுக்கும், 1860-களில் இலங்கைக்கும் கொண்டு போனார்கள். அந்தப் பூச்சி தொடாத வேறு கள்ளி இனத்துக்கு, 1926-ல் இலங்கை வழியாக இன்னொரு பூச்சி வந்தது. களைச்செடியை அதன் இயற்கை எதிரியைக் கொண்டே கட்டுப்படுத்துவதில் உலகின் ஆரம்ப வெற்றிகளில் ஒன்று இந்த மண்ணில் நடந்திருக்கிறது. காட்டன் மேலணை கட்டிய அதே பத்தாண்டில்!

வயலில் அதே பாடம் பல முறை திரும்பியிருக்கிறது. 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த பூச்சி. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று கண்டதையெல்லாம் வெள்ளைப் பஞ்சாக மூடியது. விவசாயிகள் மருந்து மேல் மருந்து அடித்தார்கள். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து பெரிதாக வேலை செய்யவில்லை. நம் ஊர் நல்ல பூச்சிகள்தான் செத்தன. 2010-ல் போர்ட்டோ ரீகோவிலிருந்து மூன்று வகைக் குட்டி ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து, சோதித்து, வயலில் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. 2020-ல் மரவள்ளி மாவுப்பூச்சி கேரளத்தில் நுழைந்து நாமக்கல், சேலம் வரை பரவியபோதும் இதே வழிதான். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வந்த குளவி 2022-ல் தமிழ்நாட்டு வயல்களில் விடப்பட்டது.

2016-ல் பொள்ளாச்சித் தென்னைகளில் தெரிந்த சுருள் வெள்ளை ஈ கதை இன்னும் சுவாரசியம். அதன் எதிரியான ஒட்டுண்ணிக் குளவியை யாரும் விமானத்தில் அழைத்து வரவில்லை. இங்கே தோப்புகளிலேயே அது இருந்தது. 'பூச்சிமருந்து அடிக்காதீங்க, குளவியைக் காப்பாத்துங்க' என்பதே விஞ்ஞானிகளின் முதல் அறிவுரையாக இருந்தது. மஞ்சள் ஒட்டுப்பொறி, இலையின் அடிப்பக்கம் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுதல், கரும்பூஞ்சாணம் உரிந்து விழ மைதாப் பசை தெளித்தல். இவ்வளவுதான் வைத்தியம்.

இந்தக் கதைகளில் ஒரு ஒற்றுமை உண்டு. ஆட்கள் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகும், வயலில் யாரோ காவல் இருந்தார்கள். அந்தக் காவல் குளவியாக இருக்கலாம், நிழல் தரும் மரமாக இருக்கலாம், மாதம் ஒருமுறை பரிசலில் சுற்றி வரும் இரண்டு பேராகவும் இருக்கலாம். வாய்க்காலில் நாம் விட்டுவைக்காதது அந்தக் காவலைத்தான்.

அப்போ வாய்க்காலில் வண்டு விட்டால் போதுமா?

வெங்காயத்தாமரைக்கும் எதிரி உண்டு. அதன் இலையைச் சுரண்டித் தின்னும் இரண்டு வகைக் கூன்வண்டுகள் 1980-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தன. பெங்களூரு ஏரிகளில் மூன்று, நான்கு வருஷத்தில் நல்ல பலன் தெரிந்தது. 1990-களில் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிலும் இவை பெரிய அளவில் கைகொடுத்தன. பின்னாட்களில் செடி அங்கே மறுபடியும் எட்டிப்பார்த்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் இதை மந்திரம் என்று விற்கக் கூடாது. வண்டுக்கு வருஷம் முழுக்கச் செடி வேண்டும். நம் வாய்க்கால்கள் பாதி வருஷம் காய்கின்றன. கழிவுநீர் சத்து அதிகமானால் வண்டு தின்கிற வேகத்தை விடச் செடி வளரும் வேகம் அதிகமாகிவிடும். பொக்லைன் மொத்தமாக அள்ளும்போது வண்டும் சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். ஏரி, குளங்களில் வண்டு சரி. ஓடும் வாய்க்காலில் ஆள்தான் வேண்டும். கழிவுநீரை நிறுத்தாமல் இரண்டுமே முழுப் பலன் தராது.

யாருடைய வேலை இது?

இங்கேதான் நிஜமான முடிச்சு. வாய்க்காலும் ஆறும் நீர்வளத்துறை. கழிவுநீர் மாநகராட்சியும் பேரூராட்சியும். கரைப் புறம்போக்கு வருவாய்த்துறை. காப்புக்காடு வனத்துறை. வயல் பூச்சி வேளாண் துறை. ஒவ்வொரு துறையும் தன் எல்லைக்குள் அள்ளுகிறது, வெட்டுகிறது, அறிக்கை எழுதுகிறது. வெங்காயத்தாமரை எல்லைக்கல்லைப் படிப்பதில்லை.

2022-ல் தமிழ்நாடு அரசு அந்நியக் களைத்தாவரங்களை அகற்றுவதற்கும், அகற்றிய இடத்தில் சூழலை மீட்பதற்கும் தனிக் கொள்கையே கொண்டு வந்தது. பாராட்ட வேண்டிய விஷயம். உலகில் 17 சதவீத நாடுகளில்தான் இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது என்கிறது அந்தப் பன்னாட்டு அறிக்கை. ஆனால் கொள்கையின் கவனம் பெரும்பாலும் காடுகள் மேல். முதுமலை உண்ணிச்செடிக்குக் கிடைக்கும் கவனத்தில் கொஞ்சம் உய்யக்கொண்டானுக்கும் வர வேண்டும். 'அகற்று, பிறகு மீட்டெடு' என்ற அதன் இரண்டாவது பாதிதான் வாய்க்கால்களில் இன்று இல்லாதது.

திருச்சிக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் இங்கே இயங்குகிறது. வேளாண் கல்லூரி நாவலூர் குட்டப்பட்டில் இருக்கிறது. முக்கொம்பை ஒட்டி ஜீயபுரம், அந்தநல்லூர் பக்கம் பரவிக் கிடப்பது வாழைத் தோட்டம். பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் வாழையைச் சாய்த்த புதிய வகை வாடல் நோய் மண்ணோடும் கன்றோடும் பயணிக்கக்கூடியது, வந்தபின் மருந்தில்லை. பாதித்த பகுதியிலிருந்து கன்று வாங்காமல் இருப்பதுதான் ஒரே பாதுகாப்பு. வராமல் பார்ப்பது எப்போதும் மலிவு என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடையாது.

என்ன செய்யணும்?

முதலில், தூர்வாரும் ஒப்பந்தத்தின் கணக்கை மாற்ற வேண்டும். 'இத்தனை கிலோமீட்டர் அள்ளினோம்' என்று மே மாதத்தில் பில் முடிவதற்குப் பதிலாக, பணத்தின் ஒரு பகுதி செப்டம்பரிலும் டிசம்பரிலும் வாய்க்கால் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகு தரப்பட வேண்டும். அந்தக் காவல் வேலையை அந்தந்த ஊர் மீனவர்களுக்கோ மகளிர் குழுக்களுக்கோ கொடுத்தால் உள்ளூரில் நாலு பேருக்கு வருஷம் முழுக்கச் சம்பளம். 14 வாரக் கணக்கை உடைக்க, பெரிய இயந்திரத்தை விட மாதம் ஒருமுறை வரும் சின்னப் பரிசல் உபயோகம்.

இரண்டாவது, அள்ளுவதை மேலிருந்து கீழாகச் செய்ய வேண்டும். முக்கொம்புக்கு மேலேயும் சுற்றியும் உள்ள குட்டைகள், பிறகு தலைமடை, பிறகு கடைமடை. இதற்கு ஐந்து துறைகளுக்கும் பொதுவான ஒரே வரைபடமும் ஒரே காலண்டரும் மாவட்ட ஆட்சியர் மேசையில் இருந்தால் போதும்.

மூன்றாவது, வாய்க்காலில் கழிவுநீர் விழும் ஒவ்வொரு குழாயையும் எண்ணி, மூடும் தேதியோடு பொதுவில் வைக்க வேண்டும். இது நடக்காத வரை மற்ற எல்லாச் செலவும் ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான்.

நான்காவது, கருவேலம் அகற்ற டெண்டர் விட்டால் அதே டெண்டரில் நடவும் மூன்று வருஷப் பராமரிப்பும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டெண்டரே வேண்டாம். வெட்டிய மரத்தை யார் எடுப்பது, அந்த விறகில் பிழைத்தவர்களுக்கு அடுத்து என்ன வேலை என்பதும் அதிலேயே எழுதப்பட வேண்டும்.

செல்போனில் இதைப் படிக்கிறவர்களுக்கும் வேலை உண்டு. வீட்டு மீன்தொட்டியைக் காலி செய்யும்போது அதிலிருக்கும் செடியையும் 'டேங்க் கிளீனர்' மீனையும் வாய்க்காலில் விட வேண்டாம். தமிழ்நாட்டின் பல ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கும் மீன் அப்படித்தான் வந்தது. ஆன்லைனில் 'அழகான நீர்ச்செடி' என்று விற்பதை வாங்கும் முன் பெயரைப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, அந்தப் படம். ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்துக்கோ முக்கொம்புக்கோ போகும்போது அதே வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்தி ஒரு படம் எடுங்கள். செப்டம்பர் நடுவில் அதே இடத்தில் இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்து, தேதி போட்டு, அதிகாரிகளையும் மக்கள் பிரதிநிதிகளையும் டேக் பண்ணுங்கள். மே மாதத்தில் அள்ளிய படம் அவர்களிடம் இருக்கும். செப்டம்பர் படம் யாரிடமும் இருக்காது.